களத்துமேட்டுக்கு வந்த பெரிய வீட்டுப் பூனை

முட்டைகளை இரண்டிரண்டாக எடுத்துக் காதருகே கொண்டுபோய் ஒன்றோடொன்று மெல்லத் தட்டிப் பார்த்தன அந்தக் கைகள். ஓசை கெட்டியாக வந்தால் முட்டை வலப்பக்கம் போயிற்று. ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்து ஓசை தளர்ந்தால் இடப்பக்கம், அதாவது குழம்புக்கு. வலப்பக்கம் போனவற்றிலும் ரொம்ப உருண்டை, ரொம்ப நீளம், ஓடு சொரசொரப்பு என்று சில மறுபடி கழிந்தன. வாய் உடைந்த பானையின் அடிப்பாகத்தில் மணலைக் கொட்டிக் கையாலேயே குழி செய்து, வைக்கோலைப் பிரித்துப் போட்டு, பேன் பிடிக்காமல் இருக்க நொச்சி இலையை உருவின. அந்தக் கைகள் நொச்சியை எண்ணெய்ச் சட்டியில் கடுகு போடுவதுபோல் அளந்து போட்டன. அதன்மேல் முட்டைகள் கூர்முனை உள்பக்கமாக வட்டமாய் அமர்ந்தன. ஓரத்தில் ஓர் இரும்பு ஆணி, ஒரு துண்டுக் கரி. அவற்றோடு போன வருஷம் மாதா கோயிலில் கொடுத்த குருத்தோலையில் ஒரு கீற்று. இடியிலிருந்து முட்டையைக் காக்க ஆணி போதும் என்று ஊரார் சொல்வார்கள்; குருத்தோலை போதும் என்று கோயிலில் சொல்வார்கள். எது போதும் என்று சோதித்துப் பார்க்க முட்டைகளைப் பணயம் வைக்க அந்தக் கைகளுக்கு மனமில்லை.

கடைசியில் செவலைக் கோழியை, இறக்கை இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, முட்டைகளின் மேல் இறக்கினாள் அற்புதமேரி. கோழி அவள் மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்திவிட்டு உட்கார்ந்தது. அவளுக்குத் திருப்தி. கொத்தாத கோழியை அவள் அடை வைப்பதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி அது. உயிர்த்த ஞாயிறு கழிந்த பிறகுதான் குஞ்சு பொரிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த அடை. பாடுகளின் வாரத்தில் ஊரே துக்கத்தில் இருக்கும்போது களத்தில் குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று கொண்டாடினால் நன்றாக இருக்காது என்பது அவள் எண்ணம்.

ஒலக்கூருக்குக் கிழக்கே, ரயில் பாதையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது அந்தக் களத்துமேடு. அது ஊர் மணியக்காரர் அரங்கநாதனுடையது. நெல்லும் கேப்பையும் மல்லாட்டையும் அங்கேதான் வந்து, அடிபட்டு, காய்ந்து, மூட்டையாகி வண்டியேறும். காவலுக்கு ஆள் வேண்டுமென்று மணியக்காரர் தம் பண்ணையாள் சவுரிராயனையும் அவன் பெண்சாதி அற்புதமேரியையும் களத்தின் ஓரத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். அது ஆயிற்று பல வருஷம். சிந்தின தானியம் அவர்களுடையது, சிந்தாதது மணியக்காரருடையது.

சிந்தின தானியத்துக்குக் கோழி வந்தது. சிந்தாத தானியத்துக்கு எலி வந்தது. எலிக்காகப் பூனை வந்தது. திருடனுக்காக நாய் வந்தது. கோழியும் பூனையும் நாயும் இல்லாமல் களம் நடக்காது. ஆனால் மூன்றையும் ஒரே இடத்தில் விட்டுவைத்தால் கொஞ்ச நாளில் கோழி மட்டும் இருக்காது. அற்புதமேரி வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அப்படித்தான் ஆயிற்று. தாய் வீட்டுச் சீதனமாக வந்த பெட்டையின் முதல் ஈட்டுக் குஞ்சுகளை, எலி பிடிக்க அவளே தூக்கிவந்து வளர்த்த பூனை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தது. அவள் அழவில்லை. பூனையை அடிக்கவும் இல்லை. அது எப்படிப் பிடிக்கிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தக் கோழியின் குஞ்சைத் தொடப் பயப்படுகிறது என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் அவளுக்குப் புத்தி சரியில்லை என்று ஊரில் சொன்னாள்.

பார்த்ததில் ஒன்று புரிந்தது. கண் திறந்த புதிதில், குஞ்சு பொரித்த கோழியிடம் மூக்கில் கொத்து வாங்கின பூனைக்குட்டி, வளர்ந்து கோழியைவிடப் பெரிதான பிறகும் கோழியைச் சுற்றிக்கொண்டுதான் போகும். அதன் கணக்கில் கோழி என்றைக்கும் தன்னைவிடப் பெரிய மிருகம். அன்றிலிருந்து அற்புதமேரி பூனைக்குட்டியானாலும் நாய்க்குட்டியானாலும், குஞ்சு பொரித்த சூட்டோடு இருக்கும் கோழியோடு ஒரே கூடையில் கவிழ்த்துவிடுவாள். எல்லாக் கோழியும் இதற்கு ஆகாது. சாதுவான கோழி ஒன்றும் கற்றுக்கொடுக்காது. ரொம்பக் கோபக்காரி குட்டியின் கண்ணைப் பிடுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குணம் வேண்டும். அந்தக் குணத்தைத் தேடித் தேடி, கோழிகளை வழிவழியாகப் பொறுக்கி வைத்து அவள் சேர்த்தவளே இந்தச் செவலை.

களத்து நாயின் பெயர் சொல்தா. புதுச்சேரியில் மில் வேலை பார்த்த அவள் தம்பி அந்தோணிசாமி குட்டியாகக் கொண்டுவந்து விட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரப் பட்டாளத்தானுக்குப் பெயர் சொல்தா. நாயும் அந்தப் பட்டாளத்தானைப் போலவே நாளெல்லாம் நிழலில் படுத்திருக்கும். அந்நியன் வந்தால் மட்டும் எழுந்து நிற்கும். மழை பெய்தால் குஞ்சுகள் அதன் வயிற்றுக்கடியில் புகுந்துகொள்ளும். வெயில் நாளில் அதன் தலைமேல் ஏறி நின்று அதற்கு எட்டாத இடத்து உண்ணியைக் கொத்தும். சொல்தா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும்.

இதைப் பார்த்த திண்டிவனத்துக் கோயில் சாமியார் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், உலகத்தின் முடிவில் சகல ஜீவராசிகளும் அன்பினால் ஒன்றாக வாழும் என்பதற்கு நம் அற்புதமேரியின் முற்றம் ஓர் அத்தாட்சி என்றார். கோயிலே திரும்பி அவளைப் பார்த்தது. அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அன்பு அல்ல, அலகு என்று சாமியாரிடம் சொல்லித் திருத்துவது மரியாதையில்லை. அதன் பிறகு சனங்கள் அவளிடம் ஏதோ விசேஷ செபம் இருக்கிறது என்று நம்பினார்கள். கேட்டவர்களுக்கு அவள் கோழியைக் காட்டினாள். செபத்தை மறைக்கிறாள் என்று அவர்கள் இன்னும் உறுதியாக நம்பினார்கள். மகள் அருள்ராணியைக் கோலியனூருக்குக் கட்டிக்கொடுத்தபோது சீரோடு ஒரு பெட்டைக்கோழியும், அதே கூடையில் வளர்ந்த ஒரு பூனைக்குட்டியும் அனுப்பினாள். பூனையைச் சீராக அனுப்பின வீடு உண்டா என்று சம்பந்தி வீட்டில் சிரித்தார்கள். மறு வருஷம் அவர்கள் தெருவிலிருந்து அவளிடம் குட்டி கேட்டு ஆள் வந்தது.

இனி மணியக்காரர் வீட்டுக் கதை.

களத்தில் மேய்ந்த கோழிகளில் பாதிக்கு மேல் அற்புதமேரியுடையவை அல்ல. மணியக்காரரின் மனைவி கோவிந்தம்மாள் வாரத்துக்கு விட்டவை. பெட்டை அவர்களுடையது, வளர்ப்பு இவளுடையது, குஞ்சுகளில் சரிபாதி. ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் கோவிந்தம்மாள் வாரத்துக்கு விட்டதில் ஒரு விசேஷம் உண்டு. அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு முட்டை ஓடுகூட நுழைந்ததில்லை. கோவிந்தம்மாள் கோழி என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டாள், "அதுங்க" என்பாள். அதுங்க எதற்கு அந்த வீட்டுக்கு என்றால், வருஷா வருஷம் ஜமாபந்திக்கு, நிலவரிக் கணக்குப் பார்க்க, தாலுகாவுக்கு மேலதிகாரிகள் முகாம் வருவார்கள். முகாம் போடும் அதிகாரிக்கு இளங்கோழி அனுப்புவது அந்தந்த ஊர் மணியக்காரர் பாடு. எங்கும் எழுதியில்லை, எல்லாருக்கும் தெரியும். ஆகவே கோழியைக் கண்ணால் பார்க்காத அந்த வீடு, கோழி நன்றாக வளர்கிறதா என்று வாரம் தவறாமல் விசாரித்தது.

அந்த வீட்டில் ஒரு பூனையும் இருந்தது. பால் நிறம், புசுபுசுவென்ற வால். பெயர் கற்பூரம். கோவிந்தம்மாளுக்குப் பிள்ளை இல்லை. கற்பூரம் பாலும் சோறும், மேலே கொஞ்சம் தயிரும் அவள் கையால்தான் சாப்பிடும். மனிதர்கள் சாப்பிடுவதைத்தானே வீட்டுப் பிராணியும் சாப்பிடும், நம் வீட்டுப் பூனையும் சைவம் என்று கோவிந்தம்மாள் உண்மையாகவே நம்பினாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஏகாதசியன்று அவள் பட்டினி கிடப்பாள். கற்பூரத்துக்கும் அன்றைக்குப் பால் கிடையாது. அது ஒரு சத்தமும் போடுவதில்லை என்பதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல.

சத்தம் போடாததற்குக் காரணம் எளிது. ஏகாதசியன்று அது வீட்டில் இருப்பதில்லை.

தை மாத அடையில் பொரித்த குஞ்சுகள் புறா அளவுக்கு வளர்ந்திருந்தன. வைகாசி முகாமுக்குச் சரியான இளசாக வரும் ஈடு அதுதான். மாசியில் அதில் ஒன்று குறைந்தது. பருந்தாக இருக்கும் என்று அற்புதமேரி நினைத்தாள். பிறகு இன்னொன்று. பங்குனி பிறந்ததும் மறுபடி ஒன்று. பருந்து தூக்கினால் இறகு உதிர்ந்து கிடக்காது. இங்கே வைக்கோற்போருக்குப் பின்னால் இறகு கிடந்தது. அவள் வழக்கம்போல உட்கார்ந்து பார்த்தாள். ஒரு மத்தியானம், சவுரிராயன் ஏற்றத்துக்குப் போயிருந்த நேரம், போரின்மேல் ஒரு வெள்ளை உருவம் முன்காலை நக்கி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு மணியக்காரரின் பெரிய வீட்டில் அடுப்பு புகையவில்லை. ஏகாதசி.

அவள் அதைச் சொல்வதற்குள் வேறொருவன் வேறொன்றைச் சொல்லிவிட்டான். மணியக்காரரின் வண்டிக்காரன் பெரியசாமி மூட்டை ஏற்ற வந்தபோது, சொல்தாவின் வாயோரத்தில் ஓர் இறகு ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டான். நாள்முழுதும் குஞ்சுகள் தலைமேல் ஏறி நிற்கும் நாயின் முகத்தில் இறகு ஒட்டாமல் வேறென்ன ஒட்டும்? ஆனால் பெரியசாமி பார்த்தது நாயையும் இறகையும்தான். சாயங்காலத்துக்குள் பெரிய வீட்டில் தெரிந்துவிட்டது.

மறுநாள் கோவிந்தம்மாளே களத்துக்கு வந்தாள். வேப்பமர நிழலில், அற்புதமேரியிடமிருந்து எத்தனை தூரம் நிற்க வேண்டுமோ அத்தனை தூரத்தில் நின்றாள். கோபத்தோடு வரவில்லை, இரக்கத்தோடு வந்திருந்தாள். அதுதான் கஷ்டம்.

"நாயி மேல தப்பு சொல்லி இன்னா பண்றது, மேரி? கறி துண்ற வூட்ல வளந்தது கறிதான் துண்ணும். வளத்த எடம் அப்படி."

"குட்டியிலேர்ந்து கோழியோட படுத்துக்கினு வளந்ததுங்கம்மா அது. தொடாதுங்க."

"எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குதே. பாலு சோறு தவிர ஒண்ண மோந்து பாக்குமா? ஏகாதசின்னா அதுவும் எங்கூட பட்டினி. ஒரு கத்து கத்தாது. எல்லாம் பழக்கம், மேரி."

அற்புதமேரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போரின்மேல் பார்த்தது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

கோவிந்தம்மாள் போகும்போது தீர்ப்பைச் சொன்னாள். முகாம் வருவதற்குள் அதுங்களில் இன்னொன்று குறைந்தால் களத்தில் நாய் இருக்கக் கூடாது. நாய் இருந்தால் இவர்கள் இருக்கக் கூடாது. வாரத்துக்கு வளர்க்க வேறு ஆள் கிடைக்காமல் போகாது. களத்துக் காவலையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அன்றைக்குக் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டே சவுரிராயன் எல்லாவற்றையும் கேட்டான். அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. பேசினால் ஏதாவது ஒரு பக்கம் சிரிப்பு ஒட்டியிருக்கும். பூனைதான் என்று சொல்லிவிடலாமா என்று அவள் கேட்டாள்.

"பெரிய வூட்டுப் பூன கோழி துண்ணுச்சின்னு சொன்னா, பெரிய வூடே துண்ண மாரி," என்றான் அவன். "அப்பால நம்பள எந்தூர்ல தேடுவாங்க?"

"அப்ப நாயத் தொரத்திடலாங்கறியா?"

"தண்டவாளத்தோடயே இட்டுக்கினு போயி உன் தம்பியாண்ட வுட்டுட்டு வர்றேன். பட்டாளத்தான் பட்டாளத்துக்கே போவட்டும்."

"நாயி போனாலும் கொறையும். அப்ப யார இட்டுக்கினு போயி வுடுவ?"

சவுரிராயன் கூழைக் குடித்து முடித்துவிட்டு, "என்னத்தான்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாய் போவதும் குடிசை போவதும் ஒரே இடத்தில் கட்டின இரண்டு முடிச்சு. பூனையைக் குற்றவாளி ஆக்காமல் பூனையைத் திருத்த வேண்டும். அதுவும் கண் திறந்த குட்டியை அல்ல, மூன்று நான்கு வயதான, தயிர் தின்று கொழுத்த பெரிய வீட்டுப் பூனையை. வளர்ந்த பூனையை அவள் பழக்கினதே இல்லை. பழக்குவதற்கு முதலில் அது கைக்கு வர வேண்டும்.

ஈஸ்டர் பூசை கேட்டுவிட்டு வந்த மறுநாள், செவலையின் முட்டைகளில் முதல் ஓடு கீறிக்கொண்டிருந்தபோது, அற்புதமேரி பெரிய வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போய் நின்றாள். வேலைக்காரி பூமாலை உள்ளே போய்ச் சொல்ல, கோவிந்தம்மாள் வந்தாள்.

"நீங்க சொன்னத யோசிச்சிப் பாத்தேங்கம்மா," என்றாள் அற்புதமேரி. "வளத்த எடந்தான் தப்பு. அந்த நாய்க்கு நல்லது கத்துக்குடுக்க எங்க வூட்ல யாரும் இல்லீங்க. கற்பூரத்த கொஞ்ச நாளு களத்துல வுட்டீங்கன்னா, அதப் பாத்துக்கினே கெடந்து நாயும் திருந்தும்."

கோவிந்தம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லை.

பூனையைப் பிரிய மனமில்லைதான். ஆனால் தன் வீட்டுப் பூனை போய் இன்னொரு வீட்டு நாயை நல்வழிப்படுத்தப் போகிறது என்ற நினைப்பு அவளுக்குள் மெல்ல இனித்தது. களமும் நம்முடையதுதானே. பூனைக்குத் தீட்டும் கிடையாது. நிபந்தனைகள் விதித்தாள்: வேளா வேளைக்குப் பாலும் சோறும் பூமாலையிடம் கொடுத்தனுப்புவாள், அதைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது, ஏகாதசியன்று ஒன்றுமே கூடாது, வெயிலில் கட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் அற்புதமேரி சரிங்கம்மா சொன்னாள்.

செவலையின் குஞ்சுகள் ஈரம் உலர்ந்து எழுந்து நின்ற அன்றைக்குக் கற்பூரம் களத்துக்கு வந்து சேர்ந்தது. இடுப்பில் துணிக் கயிறு கட்டி, கயிற்றை முளையில் கட்டி, குஞ்சுகளோடு செவலையை எதிரே விட்டாள் அற்புதமேரி. கயிற்றின் நீளத்தை அவள் முன்பே அளந்து வைத்திருந்தாள்: குஞ்சுக்கு எட்டாது, கோழிக்கு எட்டும்.

கற்பூரம் குஞ்சுகளைப் பார்த்ததும் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டிற்று. ஏகாதசி விரதம் காத்த அடக்கம் எதுவும் அப்போது அதனிடம் தென்படவில்லை. பாய்ந்தது. செவலையும் பாய்ந்தாள். இறகும் மயிரும் பறந்தன. முதல் நாள் கோழிக்குக் கழுத்தில் கீறல். பூனைக்கு மூக்கில் ரத்தம். சண்டையில் மிதிபட்டு ஒரு குஞ்சு செத்தது. செவலை அடைகாத்ததில் பெரிய வீட்டுப் பெட்டைகளின் முட்டையும் உண்டு; செத்தது தன் பங்குக் குஞ்சு என்று அற்புதமேரி அப்போதே தீர்மானித்துக்கொண்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் பூனை செவலைக்குப் பயந்தது. அது நிச்சயம். ஆனால் செவலையை மறைத்துவிட்டு வேறொரு பெட்டையை விட்டால் உடனே வால் ஆடிற்று. குட்டிக்குக் கோழி என்றால் எல்லாக் கோழியும்தான். வளர்ந்த பூனைக்கு விவரம் தெரிந்துவிட்டது. அது செவலைக்கு மட்டும்தான் பயப்பட்டது. அற்புதமேரி தூணில் சாய்ந்து உட்கார்ந்து, இது ஆகாத காரியம் என்று முதல் தடவையாக நினைத்தாள். அடுத்த ஏகாதசி வரும். ஒரு கோழி குறையும். சொல்தா ரயில் பாதையோடு போகும்.

கையில் மரக்காணத்து நெத்திலிக் கருவாடு இருந்தது. குழம்புக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கிள்ளின தலை ஒன்று பூனைப் பக்கம் விழுந்தது.

கற்பூரம் அதை முகர்ந்தது. பிறகு பிறந்ததிலிருந்து அதற்காகவே காத்திருந்ததுபோல் விழுங்கிற்று. அவள் முழுக் கருவாடு ஒன்றைப் போட்டாள். அதுவும் போயிற்று. இன்னொன்று. அப்புறம் குஞ்சுகள் அதன் வாலைத் தாண்டி ஓடின. அது திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பயத்தைக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த அளவுக்குப் பசியைப் பார்க்கத் தெரியவில்லையே என்று. அவள் வளர்த்த பூனைகளுக்கு எலி இருந்தது. இதற்கு என்ன இருந்தது? தயிர்.

அன்றிலிருந்து வேலை நேராகப் போயிற்று. கருவாட்டைப் பூனைக்கும் கோழிகளுக்கும் அப்பால் வைப்பாள். நடுவே குஞ்சுகளைச் சுற்றிக்கொண்டு, அவற்றைத் திரும்பிப் பாராமல் போனால் கருவாடு உண்டு. ஒரு பார்வை தவறினாலும் செவலை உண்டு. பெட்டைகளை மாற்றி மாற்றி விட்டாள். கயிற்றை நீட்டிக்கொண்டே போய், பிறகு அவிழ்த்துவிட்டாள். பூனை எந்தக் கோழியைக் கண்டாலும் காதை மடக்கிக்கொண்டு ஒதுங்கிற்று.

பெரிய வீட்டுப் பால் மட்டும் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. கருவாடு தின்னும் பூனை பாலைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே கொட்டவும் அற்புதமேரிக்கு மனம் வரவில்லை. சொல்தா குடித்தது. பால் சோறும் தயிரும் தின்று நாய் பளபளவென்று ஆகிவிட்டது. பாத்திரம் எடுக்க வந்த பூமாலை ஒருநாள் அதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, நாயி மொகத்துல ஒரு களை வந்துக்கீதே?"

"பூனையோட சேர்க்க அப்படி," என்றாள் அற்புதமேரி.

பூமாலை அதைப் போய்ச் சொன்னாள். கோவிந்தம்மாள் அன்றைக்குப் பாலை இன்னும் கொஞ்சம் கூட்டி அனுப்பினாள். அந்த நாட்களில் களத்துமேட்டில் விரதம் தவறாத பிராணி என்று ஒன்று உண்டென்றால் அது சொல்தாதான். ஏகாதசியன்று பால் வராது. அது வாசலைப் பார்த்தபடி படுத்திருக்கும். கற்பூரம் அன்றைக்கு இரண்டு கருவாடு கூடுதலாகத் தின்னும்.

சித்திரை போய் வைகாசி வந்தது. கோழி ஒன்றுகூடக் குறையவில்லை. முகாம் நாள் நெருங்க, அற்புதமேரிக்கு இன்னொரு கவலை பிடித்தது. கற்பூரத்தின் வாயில் மரக்காணம் மணந்தது. இரண்டு நாள் கருவாட்டை நிறுத்திப் பாலை மட்டும் வைத்தாள். பூனை ஊரைக் கூட்டினாற்போல் கத்திற்று. பாலைப் பறிகொடுத்த நாய் முனகிற்று. அதற்குப் பிறகும் வாடை போகவில்லை. களத்து வேலியில் தானாக முளைத்திருந்த துளசியை உருவிக் கசக்கி, பூனையின் முகவாயிலும் மீசையிலும் பாதத்திலும் பொறுமையாகத் தேய்த்தாள். கையில் கீறல் விழ விழத் தேய்த்தாள்.

முகாமுக்கு முந்தின நாள் காலை, கோவிந்தம்மாளே பூனையை அழைத்துப்போக வந்தாள். பெரியசாமியின் வண்டியும் வந்தது. இளங்கோழிகளைக் கூடையில் அடைத்துத் அதிகாரிகள் தங்கும் திண்டிவனத்து முசாபரி பங்களாவுக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

கோவிந்தம்மாள் நிழலில் நின்று முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "அதுங்கள ஏத்தியாச்சா?" என்று கேட்டாள். எல்லாம் ஏற்றியாயிற்று, கணக்கு சரி என்றான் பெரியசாமி. பிறகுதான் அவள் திரும்பினாள்.

களத்தின் நடுவே கற்பூரம் நடந்து வந்துகொண்டிருந்தது. குறுக்கே செவலை குஞ்சுகளோடு போனாள். பூனை சட்டென்று நின்று, காதை மடக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தூரமாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தியா, மேரி," என்றாள் கோவிந்தம்மாள், கண் கலங்க. "அதுங்களப் பாத்தாலே அதுக்கு ஆவல. அருவருப்பு. இத்தினி நாளு இங்க கெடந்தும் கொணம் மாறல பாரு."

"ஆமாங்கம்மா."

"உன் நாயும் தெளிஞ்சிடுச்சி."

சொல்தா வேப்பமரத்தடியில் படுத்திருந்தது. அதன் தலைமேல் ஒரு குஞ்சு நின்றது. மோவாயில் காலைப் பால் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"தெளிஞ்சிடுச்சிங்க. ஆனா பூனையப் பாக்காம இருந்தா பழைய புத்தி திரும்பிடுமோன்னு பயமாக் கெடக்குது," என்றாள் அற்புதமேரி. "ஏகாதசி அன்னிக்கு மட்டும் அனுப்பி வெச்சீங்கன்னா போதும். நீங்களும் அன்னிக்கு அடுப்பு மூட்டறதில்ல. அது பாட்டுக்கு இங்க வெரதமா கெடந்துட்டு வரும். நாயும் பாத்துக்கும்."

கோவிந்தம்மாள் யோசித்தாள். விரத நாளில் பூனையைப் புண்ணிய காரியத்துக்கு அனுப்புவதில் குறை ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு நாய்க்குப் பசிக்குமே, அதற்கு மட்டும் கொஞ்சம் பால் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டாள். உங்க இஷ்டங்கம்மா என்றாள் அற்புதமேரி.

வண்டியோரத்தில் சவுரிராயன் எதற்கோ இருமினான். இருமல் நீளவே மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டான்.

அற்புதமேரி குனிந்து பூனையை எடுத்தாள். அடிவயிற்றில் ஒரு கையும் பின்னங்காலில் ஒரு கையுமாக, குட்டிகளைத் தூக்குவதுபோலவே தூக்கினாள். கீறல் விழுந்த விரல்களால் கழுத்து மயிரை ஒருமுறை நீவி ஒழுங்கு செய்தாள். கைக்குக் கை கொடுப்பது வழக்கமில்லை. ஆகவே இருவருக்கும் நடுவே, நிழலும் வெயிலும் பிரியும் இடத்தில், பூனையைத் தரையில் இறக்கிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள். கோவிந்தம்மாள் முன்னால் வந்து, குனிந்து, கற்பூரத்தை வாரியெடுத்து மார்போடு அணைத்து, அதன் முகத்தில் முகம் வைத்து முகர்ந்தாள்.

"துளசி வாசன," என்றாள்.